பதினைந்தாவது சீட்டு

உட்காருகிறேன் சார். இந்த ஸ்டூல் போதும். தண்ணீர் வேண்டாம், வரும் வழியில் குடித்துவிட்டேன். போன வருஷம் தை மாதம் மணற்குடி நூலகத்தில் நீங்கள் ஒரு புத்தகம் வாங்கினீர்கள். ‘மணற்குடி: ஆறு கட்டுரைகள்’. பச்சை அட்டை. வாங்கியவர்கள் பெயரையும் விலாசத்தையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதை வைத்துத்தான் வந்திருக்கிறேன். படித்தீர்களா என்று கேட்கவில்லை. புத்தகம் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் கொஞ்சம் எடுத்து வாருங்கள். அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பசை நானே கொண்டுவந்திருக்கிறேன்.

நல்லது சார். தூசி இல்லாமல் வைத்திருக்கிறீர்கள்.

மொத்தம் இருநூறு பிரதி அடித்தோம். விற்காமல் கிடந்த அறுபத்து மூன்றில் முதலில் ஒட்டினேன். பிறகு வீடு வீடாகக் கிளம்பினேன். உங்களுடையது நூற்று எழுபத்தொன்றாவது. ஒரு பிரதி துபாய் போயிருக்கிறது. அதற்குச் சீட்டைத் தபாலில் அனுப்பினேன். ஒட்டினார்களா என்று தெரியாது, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

என்ன பிழை என்று கேட்கிறீர்கள். ஒரு பெயர் விட்டுப் போயிற்று. அவ்வளவுதான். ஆனால் அது யாரால் விட்டுப் போயிற்று என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது ரிஜிஸ்டர் வாசிக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மாசிலாமணி. படிப்பு எட்டாவது. முப்பத்தொரு வருஷம் மணற்குடி மதகில் லஸ்கர் வேலை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஏற்றச் சொன்னால் பலகையை ஏற்ற வேண்டும், இறக்கச் சொன்னால் இறக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் நான் அளவு எழுதாமல் விட்ட வேளை நான்கு. நான்கும் அம்மை போட்டிருந்தபோது.

ரிட்டயர்டு ஆனபிறகு தினமும் நூலகம் போவேன். பேப்பர் படிப்பேன், வருவேன். யாரோடும் பேச்சுக் கிடையாது. எனக்குப் பேச வராது சார். அப்போது புதிதாக வந்த நூலகர், இளவரசி என்று பெயர், ஒரு குழு ஆரம்பித்தார். ஊரைப் பற்றி ஊர்க்காரர்களே விசாரித்து, ஆராய்ந்து, ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துக் குறை சொல்ல வேண்டும். திருத்தித் திருத்திக் கடைசியில் புத்தகமாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. ஆறு பேர் சேர்ந்தோம். இரண்டு வாத்தியார்கள், மருந்துக்கடைக்காரர் ஒருவர், தையல்காரர் கலியமூர்த்தி, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற செண்பகவல்லி அம்மா, நான்.

நான்கு மாதத்தில் இளவரசி அம்மாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. போகும்போது நோட்டை என் கையில் கொடுத்து, “ஒரு வாரம்கூடத் தவறாம வர்றது நீங்கதான். நீங்களே நடத்துங்க” என்றார்.

“எனக்குப் பேச வராதுங்க.”

“பேச வேண்டாம். விதி எழுதி வெச்சுடுங்க. விதி பேசிக்கும்.”

அப்படித்தான் எழுதினேன். கட்டுரையை டைப் அடிக்கும் கடையில் கொடுத்து அடித்துத்தான் தர வேண்டும், எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பது என்னிடம் மட்டும் இருக்கும். முகத்தைப் பார்த்துக் குறை சொல்லத் தயங்குகிறார்கள் அல்லவா, அதற்காக. பிறகு, படிப்பவர் ஒவ்வொருவரும் மூன்று குறை எழுதித் தர வேண்டும். பஸ் டிக்கெட் அளவுச் சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு குறை. ஐந்து பேர் படித்தால் பதினைந்து சீட்டு. எழுதியவர் ஒவ்வொன்றுக்கும் அடியில் பதில் எழுதி, பதினைந்தையும் திருப்பித் தர வேண்டும். பாராட்டு எழுதக் கூடாது. பாராட்டுக்குச் சீட்டு கிடையாது. கடைசி விதி, இதுதான் முக்கியம்: எந்தத் தகவலுக்கும் இரண்டு சாட்சி வேண்டும். பதிவேடு ஒரு சாட்சி, நேரில் கண்டவர் ஒரு சாட்சி. எழுதியவரே சாட்சியானால், துணைக்கு இன்னொருவர் வேண்டும்.

கலியமூர்த்திக்கு எல்லாமே விளையாட்டுதான். “அண்ணே, கல்யாணத்துக்கே ரெண்டு சாட்சிதான் கேக்குறான். என் தையல் மிஷின் கட்டுரைக்கும் ரெண்டு கேக்குறியளே?” என்பான். புத்தகத்துக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். ஆறு பேர் எழுதிய ஆறு கட்டுரை, எல்லாம் ஆற்றங்கரைக் கதை, “ஆறுன்னு போட்டா ரெண்டுக்கும் ஆச்சு” என்றான். அது நல்ல யோசனை. அவனிடம் சொல்லவில்லை. விதி இருக்கிறதே.

செண்பகவல்லி அம்மா முப்பத்தெட்டு ஞாயிறு வந்தார்கள். தாமதமாக வந்தது இரண்டு முறை, இரண்டும் மழை. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்காருவார்கள். முதலில் அது நான் உட்காரும் நாற்காலி. எனக்குக் காற்று ஆகாது என்று சொல்லி மாறிக்கொண்டேன். மற்றவர்கள் கட்டுரையை நான் இரண்டு முறை படிப்பேன். அவர்களுடையதை ஆறு முறை படித்தேன். அது கடினமான விஷயம், குறை கண்டுபிடிக்க ஆறு முறை படித்தால்தான் முடியும். நேரில் பேசியது என்று எண்ணிப் பார்த்தால் அதிகம் இல்லை. “மழை வரும் போல இருக்கு”, “ஆமாங்க”, அந்த மாதிரி.

அவர்கள் எழுதியது தோணி கவிழ்ந்ததைப் பற்றி. எழுபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகை மாதம், எங்கள் துறையில் தோணி கவிழ்ந்தது. சந்தை நாள். அக்கரைக்குப் போகிற கடைசித் தோணி. அறுபத்து நான்கு சீட்டுக் கிழித்திருந்தார்கள். இந்த விஷயத்தில் நான் வெறும் படிக்கிறவன் இல்லை சார். அன்றைக்கு மதகில் இருந்தவன் நான். எனக்கு வயது இருபத்தொன்பது. கரையில் எடுத்துப் போட்ட உடல்களை எண்ண ஆள் இல்லை. வந்த அதிகாரி, “உனக்கு எழுதத் தெரியுமில்ல, எண்ணி எழுது” என்றார். மூன்று நாள் எண்ணினேன். என் அளவு நோட்டிலேயே எழுதினேன். முன்பக்கத்திலிருந்து இறந்தவர்கள், பின்பக்கத்திலிருந்து பிழைத்தவர்கள். நாற்பத்தொன்று, இருபத்து மூன்று. கூட்டினால் அறுபத்து நான்கு. கிழித்த சீட்டும் அறுபத்து நான்கு. தோணிக்காரர்கள் இரண்டு பேர் சீட்டு வாங்காதவர்கள், நீந்திக் கரையேறிவிட்டார்கள், அவர்களைச் சேர்க்கவில்லை. கணக்கு நேராக இருந்தது. அந்த அதிகாரி என் தோளைத் தட்டினார். நாற்பத்து நான்கு வருஷமாக யார் கேட்டாலும் நாற்பத்தொன்று என்றுதான் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டிலும் அதுதான் இருக்கிறது.

நாலாம் எண் கட்டுரையில் நாற்பத்திரண்டு பெயர் இருந்தது.

நாற்பத்தொரு பெயரும் என் நோட்டோடு ஒத்துப் போயிற்று. கடைசியில் ஒன்று கூடுதல். ‘கைக்குழந்தை. பெயர் பூங்கோதை. வயது மூன்று மாதம்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். யாருடைய குழந்தை, எந்த ஊர், ஒன்றும் இல்லை. நான் தேடினேன் சார். தேடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிறப்புப் பதிவு பார்த்தேன், இல்லை. அந்தக் காலத்தில் வீட்டில் பிறந்தால் யார் போய்ப் பதிந்தார்கள்? இறப்புப் பதிவு பார்த்தேன், இல்லை. என் நோட்டின் முன்பக்கத்தை இரண்டு தடவை பார்த்தேன், இல்லை. மூன்று குறை எழுதினேன். ஒன்று, தண்ணீர் எட்டு அடி என்று இருக்கிறது, ஏழே முக்கால் என்று திருத்தவும். இரண்டு, தோணி புறப்பட்டது நாலரை மணிக்கு அல்ல, நாலு நாற்பதுக்கு. மூன்று, ‘நாற்பத்திரண்டாம் பெயருக்குப் பதிவு இல்லை. சாட்சி யார்?’

மற்ற நான்கு பேர் தந்த பன்னிரண்டு சீட்டும் கால் புள்ளி, அரைப் புள்ளி, ஒற்று. அந்தப் பெயரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கவனமாகப் படிக்கவில்லை என்று எனக்கு வருத்தம்.

முப்பத்தெட்டாவது ஞாயிறு. எழுதியவர் அல்லாத ஒருவர்தான் கட்டுரையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அன்றைக்குக் கலியமூர்த்தி வாசித்தான். பெயர்ப் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்தான். நான் என் நோட்டில் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தேன். நாற்பத்திரண்டாவது பெயரை வாசித்துவிட்டு நிறுத்தினான். நான் நிமிர்ந்து, பொதுவாக எல்லோரையும் பார்த்து, “இந்தக் கடைசிப் பேருக்கு சாட்சி யாருன்னு கேட்டிருக்கேன்” என்றேன்.

“அண்ணே, டீ சொல்லட்டுமா?” என்றான் கலியமூர்த்தி.

“டீக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”

எழுதியவர் சீட்டில்தான் பதில் சொல்ல வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் செண்பகவல்லி அம்மா பேசினார்கள்.

“சாட்சி ஒருத்தங்க இருக்காங்க.”

“ரெண்டு பேர் வேணுங்களே.”

“இன்னொருத்தரும் இருக்காரு. அவருக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியலை.”

“ஞாபகம் இல்லாதவர் எப்படிங்க சாட்சியாக முடியும்?”

மருந்துக்கடைக்காரர், “விடுங்க மாசிலாமணி, ஒரு பேருதானே, இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அப்படி விட முடியுமா? இன்றைக்கு ஒரு பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்றால், நாளைக்கு எவனாவது வந்து இன்னும் பத்துப் பெயரைச் சேர்ப்பான். அதைத்தான் சொன்னேன். சொல்லும்போது நான் அந்த அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. பொதுவாகவே நான் பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

அவர்கள் கேட்டார்கள். “அன்னிக்குக் கரையில எண்ணினது நீங்கதானே?”

“ஆமாங்க.” அவர்களாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“எல்லாரையும் எண்ணுனீங்களா?”

“ஒருத்தரையும் விடலைங்க” என்றேன்.

அவர்கள் தலையை ஆட்டினார்கள். “சரிங்க. அப்ப அந்தப் பேரை எடுத்துடுங்க. உங்க கணக்கு சரியா இருக்கட்டும்.” அவர்களே பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார்கள். ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி நேர்கோடு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். டீ வருவதற்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது. நான் குரலை உயர்த்தினேனா? இல்லை. தப்பாக ஒரு வார்த்தை? இல்லை. ஆனால் முப்பத்தொன்பதாவது ஞாயிறு அவர்கள் வரவில்லை. நாற்பதும் வரவில்லை. கலியமூர்த்தியிடம் கேட்டேன். “கேட்டுட்டு வாரேன்” என்றான். கேட்டுக்கொண்டு வரவில்லை. பிறகு அவனும் ஒருவாரம் விட்டு ஒருவாரம் வந்தான். கட்டுரைகளை நானே சேர்த்து, சிதம்பரத்தில் கொடுத்து அடித்தேன். வெளியீட்டுக்கு அவர்கள் வரவில்லை. ஒரு பிரதியைக் கலியமூர்த்தியிடம் கொடுத்தனுப்பினேன். அதன் பிறகு ஒரு ஞாயிறு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நான் மட்டும் இருந்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தேன்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன். செண்பகவல்லி அம்மா கையில் பதினைந்து சீட்டுக் கொடுத்தேன். அவர்கள் கிளம்பிய பிறகு மேசையில் எண்ணினால் பதினான்குதான் இருந்தது. ஒரு சீட்டு குறைந்தது. மற்ற ஐந்து கட்டுரைக்கும் பதினைந்து பதினைந்து கச்சிதமாக இருக்கிறது, நூல் கட்டி வைத்திருக்கிறேன். இது மட்டும் பதினான்கு. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

வைகாசியில் அவர்கள் இறந்துவிட்டார்கள். இருதயம். எனக்குத் தெரிந்ததே நாலாம் நாள்தான், சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்து. துக்கம் விசாரிக்கப் போனேன். விசாரிக்கத்தான் போனேன். சீட்டைப் பற்றியும் கேட்கலாம் என்று ஒரு எண்ணம், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவர்கள் தங்கை இருந்தார். பெயர் குமுதம். நான் இன்னார் என்று சொன்னதும், “நீங்கதான் அந்த லஸ்கரா?” என்றார். உள்ளே போய் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பச்சை அட்டை. அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு சீட்டு இருந்தது.

“அக்கா இதை உங்ககிட்ட குடுக்கணும்னு எழுதுனா. அப்புறம் வேணாம்னுட்டா.”

என் எழுத்து. ‘சாட்சி யார்?’ அடியில் அவர்கள் எழுத்து. நம்பர் போட்டு, விதிப்படி எழுதியிருந்தார்கள்.

‘1. பெற்றவள்.
2. கரையில் என் பெயரைக் கேட்டு எழுதியவர்.’

குமுதம்தான் சொன்னார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, மூன்று மாதம் கழித்துக் குழந்தையோடு அக்கரைக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். புருஷன் எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தாராம். கைக்குழந்தைக்குத் தோணியில் சீட்டு வாங்குகிற வழக்கம் இல்லை. உடல் கிடைக்கவில்லை. பதிவில் இல்லாத பிள்ளையைப் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். புருஷனும் பிறகு நோயில் போய்விட்டார். அப்புறம் வேறு பிள்ளை இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் முப்பது வருஷம் சத்துணவு போட்டார்கள்.

“ஒரு நோட்டுலயாவது அது பேரு இருக்கணும்னுதான் உங்க குழுவுக்கே வந்தா” என்றார் குமுதம்.

வீட்டுக்கு வந்து என் அளவு நோட்டை எடுத்தேன். வாரா வாரம் மேசைமேல் வைத்திருந்த நோட்டு. முன்பக்கம்தான் எனக்கு மனப்பாடம். பின்பக்கத்தை அத்தனை வருஷத்தில் நான் திருப்பவே இல்லை. பிழைத்தவர்களை யார் சார் கேட்கிறார்கள்? திருப்பினேன். இருபத்திரண்டாவது வரி. ‘செம்பகம், வயது 22, இடது கையில் அடி.’

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மதகுப் படியில் உட்கார்ந்திருந்த பெண். ஈரப் புடவை. இடது கையை இப்படி மடக்கி, நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். நிமிர்த்தவே இல்லை. ஒடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அடி என்று எழுதினேன். பெயர் கேட்டேன், சொன்னாள். அப்புறமும் வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. குனிந்து கேட்டேன். “நான் விடலை, நான் விடலை” என்று சொன்னாள். மூட்டை முடிச்சு எதையோ சொல்கிறாள் என்று நினைத்தேன். கணக்கில் சேராத பேச்சு. எழுதவில்லை. அடுத்த ஆளிடம் போய்விட்டேன்.

நான் அவர்களிடம் என்ன சொன்னேன், பார்த்தீர்களா? ‘ஒருத்தரையும் விடலைங்க.’

கலியமூர்த்தி கடைக்குப் போனேன். “உனக்குத் தெரியுமாடா?” என்று கேட்டேன்.

கத்தரியைக் கீழே வைத்தான். “எனக்கு யாரும் சொல்லலைண்ணே. அந்தப் பேரை வாசிச்சப்ப அந்த அம்மா தலையைத் தூக்குச்சு பாருங்க, நம்ம புள்ளை பேரைப் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டா தூக்குவோமே, அப்படி. அதுலயே எங்க எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. நீங்க டிக் போட்டுக்கிட்டு இருந்தீங்க.”

“சொல்லியிருக்கலாமில்லடா.”

“டீ சொல்லட்டுமான்னு கேட்டேனே அண்ணே.”

அதனால் இந்தச் சீட்டை அடித்தேன். இப்போது விதிப்படி இரண்டு சாட்சி இருக்கிறது. விதி தவறில்லை சார், அதை நான் இன்றைக்கும் சொல்வேன். சாட்சிதான் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அறுபத்து நான்கு என்ற கூட்டல் இனி ஒத்து வராது. அறுபத்தைந்து பேர், சீட்டு அறுபத்து நான்கு. நோட்டிலும் திருத்திவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. இந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், பாருங்கள். இது கணக்கில் இல்லாத சீட்டு. செண்பகவல்லி அம்மா கட்டுரையில் ஒரு வரி வரும்: ‘ஆறு அன்று சத்தமே போடவில்லை, சத்தமெல்லாம் எங்களுடையது.’ ஆறாவது தடவை படித்தபோது, ‘இந்த வரி நன்றாக இருக்கிறது’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. கொடுக்கவில்லை. அந்த வரியில் ‘எங்களுடையது’ என்று இருக்கிறது. அதையும் நான் குறையாகக் கேட்டிருக்க வேண்டும். ‘எங்கள்’ என்றால் யார் என்று. ஆறு தடவை படித்தும் அது என் கண்ணில் படவில்லை.

சரி, ஒட்டிவிடுகிறேன். வாசிக்கிறேன், கேளுங்கள். ‘பக்கம் 61, வரி 14: நாற்பத்தொருவர் என்பதை நாற்பத்திருவர் என்று திருத்தி வாசிக்கவும். 42. பூங்கோதை, வயது மூன்று மாதம். தாய் செண்பகவல்லி. கண்டவர் லஸ்கர் மாசிலாமணி.’

‘கண்டவர்’ என்பது சரிதானா சார்? கண்டும் பார்க்காதவனுக்கு வேறு சொல் இருக்கிறதா என்று வாத்தியார்களைக் கேட்டேன். அகராதி பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். நீங்கள் படித்தவர். எதையாவது திருத்த வேண்டுமானால் சொல்லுங்கள். இதுவரை நூற்று ஏழு வீட்டில் கேட்டுவிட்டேன். ஒருவரும் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

இருங்கள், புத்தகத்தை மூடிவிடாதீர்கள். இன்னும் ஈரமாக இருக்கிறது.